தேத்தண்ணிப் பாணும் ஒரு ஓமும்

இந்த நாட்டில் தேத்தண்ணியைச் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்காரி மிசஸ் பிரைஸ் "டீக்கு வாருங்கள்" என்று முதல்முறை கூப்பிட்டபோது, நானும் மனைவியும் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய், ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் நிறைந்த தட்டுகளுக்கு முன்னால் முழித்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவர் எனக்குச் சுடச் சொல்லித்தந்த இனிப்புப் பாண் ரொட்டியிலும் தேத்தண்ணி குடிப்பதற்கு இல்லை. கடுஞ்சாயமாக ஊற்றி ஆறவைத்து, காய்ந்த திராட்சையான முந்திரிகை வத்தலையும் பழுப்புச் சீனியையும் அதில் இரவு முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் மூடியைத் திறந்தேன். வத்தல்கள் சாயத்தையெல்லாம் குடித்து, உப்பி, கண்களைப் போல என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

நாங்கள் இருப்பது மெல்பேர்னில், ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பலகை வீடு. முன்னறையில் மிசஸ் பிரைஸ், பின்னறையில் நாங்கள், குசினி பொது. மனைவி நேர்ஸ். அவளுடைய படிப்பால்தான் எங்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொழும்பில் பேக்கரியில் பாண் போட்டேன், இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். மிசஸ் பிரைஸுக்கு எண்பது வயது, கண் அநேகமாகத் தெரியாது. அவரும் வந்தவர்தான். கலியாணம் முடித்த புதிதில் வேல்ஸ் நாட்டிலிருந்து கணவனோடு கப்பலில் வந்தாராம். இந்தப் பாணைச் சுடுவது கணவனின் வேலையாக இருந்தது. அவர் இறந்த பின் ஒன்பது வருடமாக யாரும் சுடவில்லை. நான் பேக்கரிக்காரன் என்று மனைவி சொல்லித்தான் கிழவிக்கு ஆசை வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாவும் முட்டையும் கறுவாத்தூளும் சேர்த்துத் தகரத்தில் ஊற்றிப் போறணையில் வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து வாசனை எழுந்தது. ஈரத் தேயிலையும் கருகும் சீனியும் கலந்த அந்த வாசனையை நான் பேக்கரியில் ஒருநாளும் அறிந்ததில்லை. அது குசினியில் நிற்காமல் முன்னறைக்குப் போனது. அங்கே கட்டில் கிறீச்சிட்டது. கைத்தடி இல்லாமல் சுவரைத் தடவியபடி வந்து, மிசஸ் பிரைஸ் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ கேட்டார். திடுக்கிட்டால் எனக்கு 'யெஸ்' என்ற இங்கிலீசுகூட வராது.

"ஓம்" என்றேன்.

"டொம்?" என்றார்.

நான் சொன்னதைத்தான் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஓம், ஓம்."

அவர் கதிரையில் இருந்து பேசத் தொடங்கினார். அது இங்கிலீசு இல்லை. ஒன்பது வருடமாகப் பேச ஆளில்லாத பாஷை, நிற்காமல் வந்தது. அவர் மூச்சுவிடும் இடங்களில் நான் ஓம் போட்டேன். கொழும்பில் முதலாளி சிங்களத்தில் பேசும்போதும் இப்படித்தான். "பொங்கலுக்கு லீவு வேண்டாம்தானே?" என்று அவர் கேட்டதற்கு விளங்காமல் ஓம் சொல்லி, பொங்கலன்று மாக் குழைத்துக்கொண்டு நின்றவன் நான். கடைசியில் மிசஸ் பிரைஸ் ஒரே கேள்வியை மூன்றுமுறை கேட்டார். மூன்றுமுறையும் ஓம் என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் சிரிப்பு வந்தது. பாணைத் தொடாமலே எழுந்து போனார்.

மறுநாள் நான் வேலையால் வரும்போது அவர் முன்வாசலில் தொப்பியும் குளிர்கோட்டும் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். காலடியில் பயணப் பெட்டி. மனைவி குசினியில் காத்திருந்தாள்.

"என்னத்தைச் சொல்லி வைச்சிருக்கிறீங்கள்? நேற்று டொம் வந்தவராம். என்னைக் கூட்டிக்கொண்டு போறீரோ எண்டு கேட்க, ஓம் எண்டவராம்."

"டொம் ஆர்?"

"அவவின்ரை மனிசன். செத்துப்போன மனிசன்."

"நான் ஓம் எண்டுதானே சொன்னனான்."

"அதைத்தான் சொல்லுறன். எனக்கு ஒருநாளும் உடனை ஓம் சொல்லாத ஆள், வெள்ளைக்காரிக்கு மூண்டுதரம் சொல்லியிருக்கிறீங்கள்." சிரித்தவள் சிரிப்பை நிறுத்தினாள். "நேற்றிலிருந்து சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை. இந்த வயசிலை தாங்காது. நான் சொல்லிப் பார்த்திட்டன், நம்பிறா இல்லை. நீங்கள்தான் போய்ச் சொல்லவேணும்."

பாணில் ஒரு துண்டு வெட்டி, பட்டர் பூசிக்கொண்டு போனேன். "நோ டொம். மீ" என்றேன். டொம் பகிடி விடுகிறார் என்று அவர் சிரித்தார். என்னிடம் வேறு இங்கிலீசு இல்லை. தமிழில் சொன்னேன்.

"அம்மா, நான் அவரில்லை. பின்னறையிலை இருக்கிற ஆள். நீங்கள் கேட்டது எனக்கு விளங்கேல்லை. உங்களை எங்கையும் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஏலாது. எனக்கே வழி தெரியாது."

அவர் கடைசிச் சொல்வரை கேட்டார். அதற்குள் எங்கேயாவது டொம்மின் குரல் இருக்கிறதா என்று தேடுவதுபோல் இருந்தது. பிறகு கையை நீட்டி என் முகத்தைத் தடவினார். மீசையில் விரல்கள் நின்றன. மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த மனிதரை இரண்டாம் தரம் சாகடித்தவன்போல் நான் நின்றேன். ஆனால் அவர் பாணை வாங்கிக் கடித்தார்.

மென்றுகொண்டே, உன் பெயர் என்ன என்று இங்கிலீசில் கேட்டார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். தொழிற்சாலையில் எல்லோருக்கும் நான் 'மேட்'. மனைவி, எங்கள் பெண்களின் வழக்கப்படி, 'இஞ்சாருங்கோ' என்பதற்கு மேல் சொல்லமாட்டாள்.

"சிவக்கொழுந்து" என்றேன். வேறொருவருடைய பெயரைச் சொன்னதுபோல் இருந்தது.

மிசஸ் பிரைஸ் அதை ஒவ்வொரு துண்டாக உடைத்து, முகத்தை இருண்ட நடைபாதைப் பக்கம் திருப்பி, தூரத்தில் நிற்கும் யாரையோ கூப்பிடுவதுபோல் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். யார் வருகிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.