ஓடில் சொன்ன சொல்

மூக்கை ஒயின் கோப்பைக்குள் விட்டபடி ஓடில் என்ற பெண்மணி நிலவறைச் சுவரின் கறுப்புப் பூஞ்சணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறார் என்பதுகூடச் சரியில்லை. கண்ணை எங்காவது வைக்க வேண்டுமே என்று அங்கே வைத்திருக்கிறார். பிறகு ஒரு வாய். அதைக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, உதட்டிடுக்கில் காற்றை உறிஞ்சி, பேரப்பிள்ளை செய்தால் அதட்டக்கூடிய சத்தம் ஒன்றை எழுப்பி, காலடிச் சரளைக்கல்லில் துப்புகிறார். திராட்சைத் தோட்டக்காரர் பீப்பாயின்மேல் கைவைத்து, பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையனைப்போல நிற்கிறார்.

"வெண்ணெய் இருக்கு. ரொட்டியைத்தான் காணோம்" என்கிறார் ஓடில்.

அவ்வளவுதான். பிரான்சின் மெர்சோ கிராமத்து வெள்ளை ஒயின் எந்த விலைக்குப் போகும் என்பது இப்படிப்பட்ட வாக்கியங்களில்தான் தீர்மானமாகிறது. தோட்டக்காரர்களுக்கும் நகரத்து வியாபாரிகளுக்கும் நடுவே நிற்கும் தரகர் அவர். எழுபதை நெருங்குகிறார். ஆண்கள் மட்டுமே செய்துவந்த தொழிலுக்குள் அப்பா இறந்த மறுவாரமே நுழைந்தவர். ஊரிலேயே கூர்மையான மூக்கு அவருடையது. அதனால் அந்த வீட்டில் பூ இல்லை, வாசனைச் சோப்பு இல்லை. "கல்யாணம் பண்ணதிலேருந்து சவரம் பண்ணின முகத்துக்கு நான் எதுவும் பூசினதில்ல. மணக்காம இருக்கறதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டா" என்கிறார் கணவர் மார்சியால். பகலெல்லாம் உலகத்தின் விலையுயர்ந்த ஒயினைத் துப்பிவிட்டு வரும் மனைவி, இரவுச் சாப்பாட்டுக்குக் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்.

ஒயினை வைக்கும் ஓக் மரப் பீப்பாயைப் பற்றி அவருக்கு இருக்கும் அபிப்பிராயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பழைய பீப்பாயில் வைத்தவரிடம், "நல்ல பொண்ணுக்கு ஒரு நல்ல சட்டை வாங்கித் தரக்கூடாதா?" என்பார். புதுப் பீப்பாயில் வைத்தவரிடம், "சட்டை வந்திருக்கு, பொண்ணு எங்க?" என்பார். இரண்டு பேரும் அடுத்த ஆண்டு அவர் பேச்சைக் கேட்டு மாற்றிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் நல்லதே நடக்கும். இதுதான் எரிச்சலான விஷயம்.

கோப்பையைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்பது அவர் வழக்கம்: "ரெண்டாந்தடவை பொங்கி முடிஞ்சுதா?" இந்த ஒயின் பீப்பாய்க்குள் இருமுறை நொதிக்கும். முதல் முறை சர்க்கரை சாராயமாகும். இரண்டாம் முறை பச்சை ஆப்பிளின் வெடுக்கு மழுங்கிப் பாலின் மென்மை வரும்; அதுவரை புதுப் பீப்பாயின் மரவாசனைதான் முன்னால் நிற்கும். குளிர் கடுமையான ஆண்டுகளில் அந்த இரண்டாவது நொதிப்பு கோடைவரை இழுத்துக்கொண்டு கிடக்கும். முடிந்துவிட்டது என்று சுண்ணக்கட்டியால் பீப்பாய்மேலேயே எழுதியிருந்தாலும் ஓடில் வாயைத் திறந்து கேட்பார். இளவட்டங்கள் அவர் போன பிறகு அதே குரலில் கேட்டுச் சிரிப்பார்கள். அர்மான் பிஸ்யேவின் தலைமுறையில் யாரும் சிரிப்பதில்லை.

அர்மான் அவரோடு பள்ளியில் படித்தவர். தேவாலயத்துக்கு மேல் சரிவில் ஊரே பொறாமைப்படும் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன், அந்த நிலத்து ஒயினுக்கென்று அத்தனையும் புதுப் பீப்பாயாக வாங்கினார். பிப்ரவரியில் ஓடில் வந்தார். கடுங்குளிர், அன்றைக்கு இன்னும் நாலு நிலவறை பாக்கி. உறிஞ்சினார், துப்பினார், சொன்னார்: "மரந்தான் பேசுது. ஒயின் வாயே திறக்கல."

பொங்கி முடிந்ததா என்று அவர் கேட்கவில்லை. முடியவில்லை என்று அர்மான் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து பழகியவளிடம் சாக்குச் சொல்வதா என்று இருந்துவிட்டார். ஓடில் வீடு திரும்புமுன் சொல் நகரத்துக்குப் போய்விட்டது. "அர்மான் இப்பப் பலகை விக்கிறானாம்" என்றார்கள் வியாபாரிகள். அவர்களில் எவரும் வாங்கவில்லை. அடுத்த ஆண்டும் அதே கதை. மூன்றாம் ஆண்டு அர்மான் சரிவு நிலத்தை விற்றார்.

பிறகு எப்போதோ, அர்மானிடம் நேரில் சில புட்டி வாங்கியிருந்த ஒரு டாக்டர் வீட்டு விருந்தில் அந்த ஒயின் ஓடிலின் கோப்பைக்கு வந்தது. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது, எதுவென்றும், தான் என்ன செய்தோமென்றும். வெளியே சொல்லவில்லை. தரகர் ஒரு சொல்லைத் திரும்ப எடுத்தால் மற்ற சொற்களும் ஆட்டம் காணும் என்பது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். நியாயமான காரணந்தான், அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கத்தான் முடியவில்லை. தெருவில் அர்மானைக் கண்டால் முந்திக்கொண்டு வணக்கம் சொல்வார். அர்மானும் மரியாதையாகவே பதில் சொல்வார்.

இந்த நவம்பரில் அறுவடை விருந்து நடந்தது. நண்பகலில் தொடங்கும் விருந்து. அவரவர் வீட்டு நல்ல புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போய் மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். அர்மான் ஒரு கையில் ஒட்டுத்தாள் இல்லாத புட்டியும் மறு கையில் தன் கோப்பையுமாக ஓடிலின் மேசைக்கு வந்தார். கோடியிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார். பொன்ஸ்லே என்ற இளம் வியாபாரி ஒரு வாய் குடித்துவிட்டு அர்மான் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இது யாரு வீட்டுது?"

"பலகை" என்றார் அர்மான்.

வயதானவர்கள் தட்டைப் பார்த்தார்கள். புட்டியின் கடைசி ஒயின் ஓடிலின் கோப்பைக்கு வந்தது. "இதோட தீந்துது. வீட்டுல இனிமே இல்ல" என்று அர்மான் புட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

ஓடில் முகர்ந்தார். வறுத்த கொட்டை, தேன்மெழுகு, உருக்கின வெண்ணெய், அதற்கடியில் மழை நனைத்த கல். மரம் எங்கே என்று தேடினார். எங்குமே இருந்தது, தனியாக எங்கும் இல்லை.

"அன்னிக்கு நான் கேட்டிருக்கணும், அர்மான்."

"கேப்பேன்னுதான் நின்னேன்."

"நான் சொன்னது தப்பு." மேசை முழுக்கக் கேட்கும்படி, நிறுத்தி, இன்னொரு முறை சொன்னார். "இந்த ஒயினைப் பத்தி நான் சொன்னது தப்பு."

அர்மான் குனிந்தார். "மெதுவாச் சொல்லு. நிலத்தை வாங்கினவன் பின் மேசையில இருக்கான். காதுல விழுந்தா அவன் ஒயின் வெலைய ஏத்திருவான்."

யாரோ சிரித்தார்கள். அர்மானும் சிரித்தார், ஓடில் சிரிக்கவில்லை. மேசையில் எல்லார் கோப்பையிலும் அந்த மஞ்சள் நிறம் இருந்தது. அர்மானின் கையிலிருந்த கோப்பையில் மட்டும் ஒன்றும் இல்லை. ஊற்றுகிற அவசரத்தில் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஓடில் எழுந்து, அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து அருகே இழுத்து, தன் கோப்பையிலிருந்ததை அவர் கோப்பைக்குள் சாய்த்தார், கடைசிச் சொட்டு விளிம்பைவிட்டு இறங்கும்வரை.