இறாலோடு வந்த ஐஸ்

பொய் சொல்லாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பிறந்த வீட்டில் அப்படித்தான், சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அப்படித்தான். எடை குறைந்தால் கடைக்காரரிடம் சண்டை பிடிப்பேன். எடை கூடிவிட்டாலும் திரும்பிப் போய்ச் சொல்வேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியார் முன்னால் முழங்காலிட்டால் சொல்லப் பாவம் ஒன்றும் அகப்படாமல் என் கோபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வருவேன். இதில் எனக்கு உள்ளூரக் கர்வம் உண்டு. மகா யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை அந்தக் கர்வம் போயிற்று.

என் கணவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை. அவருடைய மேலதிகாரியான துரை மாற்றலாகிப் போகிறார் என்று எங்கள் வீட்டில் விருந்து ஏற்பாடாகியிருந்தது. துரையும் துரைசாணியும் வருகிறார்கள். எங்கள் பங்குச் சாமியாரும் வருகிறார். துரைக்கு ஒழிந்த நாள் வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வேதக்காரர்களான எங்களுக்கு மாமிசம் ஆகாது, மீன் ஆகும். துரைசாணி என்றைக்கோ பிளாட்பாரத்தில் நின்றபடி, இந்த ஊரில் குளிரக் குளிர இறால் சாப்பிட வழியே இல்லை என்று குறைப்பட்டாராம். இவர் அதைக் காதில் வாங்கி வைத்திருந்தார்.

"போற மனுஷன் நம்மைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போனா ஹெட் கிளார்க் ஆயிடலாம்டி. ஒரே ஒரு ஐட்டம். பத்து நிமிஷ வேலை" என்றார்.

பத்து நிமிஷ வேலை என்று ஆண்பிள்ளைகள் சொல்வதெல்லாம் மறுநாள் வரைக்கும் இழுக்கும். இறால் மெட்ராஸிலிருந்து மெயிலில் வந்தது. காலையில் ஜட்கா வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மரப்பெட்டி, உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் சாக்கில் சுற்றிய ஐஸ், ஐஸுக்கு நடுவே இறால். பெட்டியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டி வாசலில் இருந்து சமையற்கட்டு வரைக்கும் கோடு போட்டது. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத எங்கள் தெருவில் அந்த வாசனை போகாத வீடு இல்லை.

துரை பங்களாவில் கேட்டுவந்த செய்முறையை இவர் எனக்கு ஒப்பித்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். உப்புத் தண்ணீர் கொதித்ததும் இறாலைப் போட்டு, நிறம் சிவந்த மறு நிமிஷம் வடித்துவிட வேண்டும். ஓட்டையும் முதுகு நரம்பையும் எடுத்துவிட்டுப் பாத்திரத்தோடு ஐஸின் மேல் வைத்து மாலை வரை குளிரவிட வேண்டும். முட்டை மஞ்சட்கருவை எண்ணெய் விட்டு அடித்து, தக்காளிச் சாறு, எலுமிச்சை, கடுகுப் பொடி, மிளகு சேர்த்தால் குழம்பு மாதிரி ஒன்று வரும். கண்ணாடிக் கிண்ணத்தில் இறாலை நிரப்பி, அதை மேலே ஊற்றிச் சாப்பாட்டுக்கு முன்னால் பரிமாற வேண்டும். தாளிப்பு கிடையாது, சூடு கிடையாது. பழையதைக் கொடுத்தோம் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆனாலும் இறாலை உரித்து ஐஸின் மேல் வைத்து, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தினபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மத்தியானத்துக்குள் ஐஸ் பாதியாகக் கரைந்துவிட்டது. மிச்சம் இருந்தது மாலை வரைக்கும் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் பின்கட்டில் குடியிருந்த பெண் வந்தாள்.

எருமப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். புருஷனுக்கு விஷக்காய்ச்சல் கண்டு நாட்கணக்காக இறங்காததால், டாக்டருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எங்கள் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். என்னைவிட இளையவள். புருஷன் பிழைத்தால் பூவோடு எடுப்பதாக, அதாவது நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி வருவதாக, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டியவர்கள் நோன்பு முடிகிறவரைக்கும் கவுச்சியைத் தொடக்கூடாது. அது இருக்கிற வீட்டு வாசற்படியும் மிதிக்கமாட்டார்கள். அன்று காலையில் இருந்தே அவள் எங்கள் பக்கம் வரவில்லை. இப்போது கிணற்றடியிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ஏனுங்கக்கா, ஊட்ல ஐஸு இருக்குதுங்களா? டாக்டரு தலைக்கு ஐஸு வெச்சே தீரோணும்னு சொல்லிப்போட்டாருங்க. ஒடம்பு அனலாக் கொதிக்குது. பேச்சே கொளறுதுங்க. சோடாக் கடைல இன்னிக்கு ஐஸு வல்லீங்களாமா. உங்கூட்டுக்கு டேசன்ல இருந்து வந்துதுன்னு ஜட்காக்காரரு சொன்னாருங்க."

கையில் ஒரு பித்தளைப் போசி வைத்திருந்தாள்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதவேண்டும். அந்த ஆள் சாகக் கிடக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஐஸைக் கொடுத்தால் இறால் வெதுவெதுவென்று ஆகிவிடும் என்பதும் தெரியும். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான்தான் பொய் சொல்லாதவளாயிற்றே. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"ஐஸ் இருக்கும்மா. ஆனா அது இறாலோட வந்த ஐஸ். ராத்திரி பூரா கவுச்சியிலேயே கெடந்திருக்கு. நீ காப்புக் கட்டியிருக்கியே, அதான் சொல்றேன். தெரியாம குடுத்தா பாவம் இல்லையா?"

குரலில் எவ்வளவு கரிசனம்! அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் சொன்னேன். அவளுடைய அம்மனுக்காகக் கவலைப்பட்டவள் போலப் பேசி, என் ஐஸைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

அவள் முகம் செத்துவிட்டது. போசியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"தண்ணி ஊத்திக் களுவிப்போட்டா செரியாப் போகுங்களாக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கழுவிக்கூடக் கொடுத்திருக்கலாம். "அது எனக்கெப்படிம்மா தெரியும்? உங்க சாமி விஷயம். நீதான் யோசிச்சு முடிவு பண்ணணும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். உள்ளே வந்து முட்டையை உடைத்து மஞ்சட்கருவைப் பிரித்து அடிக்க ஆரம்பித்தேன். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், இல்லாவிட்டால் திரிந்துபோகும். கண் அதிலேயே இருந்தது. பின்கட்டிலிருந்து அந்த மனிதர் ஏதோ பிதற்றுவது கேட்டது. மாடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் "அக்கா" என்றாள். இந்தத் தடவை கிணற்றடியில் இல்லை, எங்கள் சமையற்கட்டு வாசற்படியிலேயே வந்து நின்றாள். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வந்திருந்தாள். மணிக்கட்டில் காப்பு இல்லை.

"கழட்டிட்டியா?" என்றேன். நோன்பு முடியாமல் காப்பைக் கழற்றுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அந்த ஊரில் இருக்கிற வேதக்காரிகளுக்குக்கூடத் தெரியும்.

"காப்போட தொட்டா ஆத்தா கோவம் அவரு மேல வந்துருமுங்க. கழட்டிப்போட்டுத் தொட்டா எம்மேலதானுங்க வரும்" என்றாள். போசியை நீட்டினாள். "குடுங்கக்கா. நேரமாவுது."

சாக்கோடு சேர்த்து அத்தனை ஐஸையும் எடுத்துப் போட்டேன். போசியில் கொள்ளாமல் அவள் முந்தானையிலும் ஏந்திக்கொண்டாள். ஒரு இறால் மீசை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கக் கை நீட்டுவதற்குள் அவள் ஓடிவிட்டாள்.

விருந்து நடந்தது. இறால் குளிரவும் இல்லை, சூடாகவும் இல்லை. துரைசாணி முள்கரண்டியால் இரண்டைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். துரை தொடவே இல்லை. சாமியார் மட்டும் தர்மசங்கடத்தோடு முழுவதையும் தின்றார். எல்லோரும் போனபிறகு மிச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்டினேன். ஐஸ் என்ன ஆச்சு என்று என் கணவர் கேட்டார், சொன்னேன். "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கே, விடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இறால் கெட்டதற்கு அழுகிறேன் என்று நினைத்துச் சமாதானம் சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் காய்ச்சல் மெள்ள இறங்கியது. அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார். ஆனால் அவள் அம்மன் கோயில் இருக்கிற தெருப் பக்கமே போகவில்லை. பண்டிகை நாளில் பெண்கள் வரிசையாகப் பூவோடு ஏந்தி எங்கள் தெரு வழியே போனார்கள். மேளம் கிட்டே வந்ததும் அவள் பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என் வீட்டு ஜன்னல் பக்கமே போகவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். நீ உண்மையைத்தானே சொன்னாய், கேட்டதைக் கொடுத்தும் இருக்கிறாய், இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று சாமியார் கேட்டார். கரிசனக் குரலைப் பற்றி அவருக்கு விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல என் கோபத்தைச் சொல்லி முடித்தேன்.

ஆவணி பிறந்ததும் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். வண்டியில் அவரை ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு அவள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள்.

"போயிட்டு வாரேனுங்கக்கா. அன்னிக்கு நீங்க மறைக்காமச் சொன்னீங்க. வேற ஆரா இருந்தாலும் பேசாமத் தூக்கிக் குடுத்திருப்பாங்க. நானும் காப்போட தொட்டிருப்பேன், அவரு மேல வந்திருக்கும். உங்களாட்டம் நேர்மை ஆருக்குங்க வரும்?"

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது அப்படி இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணு கேக்கோணுங்க. எங்க ஆத்தா மூஞ்சீல முழிக்க எனக்கு இனி மொகமில்லீங்க. உங்க மாதா கிட்ட எனக்காவ ஒரு மெழுகுவத்தி ஏத்தி வெச்சு, எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் வரப்படாதுன்னு கேளுங்க. நீங்க கேட்டாக் கேப்பாங்க."

சரி என்றேன். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தியை ஏற்றி வைத்து முழங்காலிட்டேன். அவளுக்காக ஒரு வார்த்தை கேட்க வேண்டுமானால், அவளால் ஏன் தன் அம்மனிடமே போய்க் கேட்க முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. மெழுகுவத்தி எரிந்து தீர்கிறவரைக்கும் இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.