நாட்டுக்காகப் பன் தின்றவர்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பிளாஷெனா கௌடெல்கோவாவுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து, "நல்லா சாப்பிடுங்க!" என்றுதான் சொல்வார்கள். அவர் கையில் சாப்பாடு இருக்காது. "எந்த ஊருக்கு?" என்பார் கடுப்பாக. வெளியூர்க்காரர்கள்கூடச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் பொண்ணுதானே?" என்பார்கள்.

அந்தப் பொண்ணேதான். 'ஊமை எக்காளம்' படத்தை எங்கள் ஊர்க் கோட்டையில்தான் எடுத்தார்கள். பேச வேண்டிய இடத்திலெல்லாம் பாடுகிற படம். ராஜா வரி வசூலிக்கும்போது பாடுவார், சமையல்காரி கோழி உரிக்கும்போது பாடுவாள், வில்லன் மூன்று சரணம் முடித்துவிட்டுத்தான் உயிரை விடுவான். இளவரசன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் மின்னும். கோட்டைக் கூரையில் டிவி ஆன்டெனா கம்பீரமாக நிற்கும். அதில் நாங்கள் கேலி செய்யாத காட்சி கிடையாது. வேற்றூரான் கேலி செய்தால் சும்மா விடவும் மாட்டோம்.

கடைசியில் வரும் கல்யாணப் பாட்டுக்கு உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். கதையில் கடும்பனிக் காலம், எடுத்தது ஆகஸ்டில். கம்பளிக் கோட்டு, ரோமத் தொப்பி, தலைமேல் பனிக்குப் பதில் சோப்பு நுரை. சிறுமி பிளாஷெனாவுக்கும் சுருதிக்கும் அறிமுகமே கிடையாது. அதனால் சங்கீத டீச்சர் ஓட்டிலியா அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "கண்ணு, நீ மட்டும் பாடிடாத. நான் கை தூக்கினா வாயைத் திற, போதும்" என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை. கை உயர்ந்தது, வாய் திறந்தது. திறந்த வாய் வீணாவானேன் என்று, சினிமாக்காரர்கள் கொடுத்த நீளமான பன்னைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து ஒரு கடி கடித்தாள். காமிரா அப்போதுதான் அவள் பக்கம் திரும்பியது. மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் நாட்டில் பகல் முழுக்கப் பட்டினி. அப்படிக் கிடந்தால் சாயங்காலம் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்வோம். கடவுளை விட்டுவிட்டவர்களும் பன்றிக்குட்டியை விடவில்லை. இருட்டியதும் டிவியில் அந்தப் படம். சிறுமி பன்னைக் கடிக்கிற நொடியில் வீட்டுக்கு வீடு "நல்லா சாப்பிடு!" என்று ஒரு கூச்சல். பட்டினி முடிந்தது, மீன் சூப் மேசைக்கு வரும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. ஆனால் எந்தப் பாதிரியாரும் சம்பாதிக்காத கீழ்ப்படிதல் அந்தப் பன்னுக்கு இருந்தது.

பிளாஷெனாவுக்கோ அந்தப் பன் ஒழிந்தால் போதும். "ரெண்டு பிள்ளை பெத்தேன். வெள்ளம் வந்தப்ப ஸ்டேஷனை விட்டு நகராம போன் பக்கத்துலயே கெடந்தேன். அதை எவனாவது கேக்கறானா? பன்னு, பன்னு, பன்னு!" என்பார்.

கணவர் ஓல்டா நிதானமாகச் சொல்வார்: "நானே அந்தப் பன்னைப் பாத்துத்தான்டி உன்னைக் கட்டிக்கிட்டேன்."

ஒரு வருஷம் இலையுதிர் காலத்தில் தலைநகர் பிராகிலிருந்து அவருக்குப் போன் வந்தது. ராடிம் என்ற இளைஞன். பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்கிறானாம். "ஆன்டெனா, வாட்ச் எல்லாம் எடுத்தாச்சு மேடம். அந்தப் பன்னையும் எடுத்துடலாம்னு பாக்கறோம். உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"வருத்தமா? தம்பி, நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

மதுக்கடையில் செய்தியைச் சொன்னபோது கசாப்புக்காரர் கோப்பையை வைத்துவிட்டு, "யாரைக் கேட்டு?" என்றார்.

"என் வாயி, என் பன்னு. உன்னை எதுக்குக் கேக்கணும்?"

அந்தப் பண்டிகைக்கு நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டில் இருந்தோம். பிளாஷெனா அந்தக் காட்சியை ஒருபோதும் பார்த்ததில்லை. சமையலறையில் சூப் பானைக்குப் பக்கத்தில் நிற்பார், கூச்சல் கேட்டதும் கொண்டுவருவார். கல்யாணப் பாட்டு தொடங்கியது, முடிந்தது. கூச்சல் இல்லை. கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் செத்துட்டீங்களா?"

"பாட்டி, படத்துல நீ பாடுற!" என்றாள் பேத்தி. பன் போய்விட்டது, கடித்த வாய் அப்படியே இருந்தது. கண் சொருகி, கன்னம் அசைய, கை நெஞ்சருகே உயர, பக்தியில் உருகிப் பாடுகிறாள் சிறுமி. பசிக்கும் பக்திக்கும் முகம் ஒன்றுதான் போலிருக்கிறது.

"இவ்வளவு நல்லாப் பாடிட்டு ஏன்டி மறைச்ச?" என்றார் ஓல்டா. உண்மையாகவே கேட்டார்.

கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். சூப்பில் ஆடை படிந்தது. எதிர்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள்: "அக்கா, சாப்பிடலாமா, வேண்டாமா?"

பண்டிகை முடிந்து பிளாஷெனா வேலைக்குப் போனால், டிக்கெட் வாங்க வந்தவர்கள் "எவ்வளவு உருக்கமாப் பாடறீங்க!" என்றார்கள். தேவாலயப் பாட்டுக்குழுவை நடத்தும் பல் டாக்டர் வவ்ரா நேரிலேயே வந்து அழைத்தார்.

"டாக்டர், இந்த வாயை உங்களுக்குத் தெரியாதா?"

"பல்லை மட்டும்தான் பாத்தேன்மா, திறமையைக் கவனிக்கல."

போய்த் தொலையட்டும் என்று ஒத்திகைக்குப் போனார் பிளாஷெனா. உள்ளூர ஒரு சபலமும் இருந்திருக்க வேண்டும். முதல் "ஆ"விலேயே டாக்டர் பியானோவை மூடிவிட்டார். "இப்படிச் செய்வோம்மா. நீங்க வாயை மட்டும் திறங்க."

அன்று மாலையே ராடிமுக்குப் போன் செய்தார். நான் அப்போது அவர்கள் வீட்டில் பீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, என் பன்னைத் திருப்பிக் குடு."

"மேடம், நீங்கதானே சந்தோஷப்பட்டீங்க?"

"சந்தோஷப்பட்டேன், இல்லேங்கல. இப்ப ஊரே என்னைப் பாடகிங்குது. நான் பாடல. பாடற மாதிரி நடிக்கக்கூட இல்ல. பசிச்சுது, தின்னேன். அந்தப் படம் பூராவும் நெஜமா ஒரு வேலை பாத்தது நான் ஒருத்திதான். அதைப் போய்த் தொடச்சுட்டியே!"

மறுமுனையில் ராடிம் சொன்னான்: "எங்கம்மாவும் அன்னையிலேர்ந்து என்கூடப் பேசல மேடம். எங்க வீட்டுலயும் சூப் ஆறிப்போச்சு."

போன கிறிஸ்துமஸுக்கு ஆன்டெனாவும் கடிகாரமும் வரவில்லை, பன் வந்தது. அந்த முறை பிளாஷெனா சமையலறைக்குப் போகாமல் ஓல்டாவுக்குப் பக்கத்தில், டிவி முன்னால் உட்கார்ந்தார். சிறுமி கடித்தாள். யாரும் கத்தவில்லை, எல்லாரும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவு பெரிய கடி!" என்றார், தனக்குத்தானே. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "என் மூஞ்சியில என்ன இருக்கு? கத்துங்களேன்!"

கத்தினோம். அடுப்பைப் பார்க்க ஆளில்லாமல் கெண்டை மீன் ஒரு பக்கம் கரியாகிக் கிடந்தது. ஒரு முள்கூட மிச்சமில்லாமல் தின்று தீர்த்தோம்.