ஏகமனதாக

தேக்கா கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்கம் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அதன் கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். மாதர் பிரதிநிதியாம்! ஆண்கள் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எனக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. ஆண்டு விழாப் படத்தில் மட்டும் முன்வரிசையில், நட்டநடுவில் உட்கார வைப்பார்கள்.

சங்கத்தின் பின்னறையில் மாலை வேளைகளில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்து வந்தேன். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். அதை விட்டால் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. அந்த அறையைக் கேரம் ஆடுவதற்கு ஒதுக்கவேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். வாலிபர்கள் கெட்டுப்போகாமல் இருக்கவாம்.

நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் செயலாளர் மாலையும் கையுமாக வந்து நின்றார். கல்வித் தொண்டைப் பாராட்டுகிறார்களாம். மாலை விழுந்தால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் எங்கள் சங்கத்து வழக்கம். நான் எதிர்ப்பேன் என்று தெரிந்து கீழே பூக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள், பாவிகள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

எதிர்ப்பவர்கள் உண்டா என்று தலைவர் கேட்டார். கையைத் தூக்கினேன். அவர் பார்வை என்னைத் தாண்டிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்.

“ஐயா, என் கை மேலதான் இருக்கு. எண்ணுங்க,” என்றேன்.

“நம்ம சங்கத்துல என்னைக்குமே ஏகமனதுதாம்மா. நீங்க ஒருத்தங்க அதைக் கெடுக்கணுமா?”

அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படும் அளவுக்குக்கூட நான் அவருக்கு ஒரு ஆளாகத் தெரியவில்லை. தேநீர் வந்துவிட்டது, அம்மா கொஞ்சம் ஊற்றிக்கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார் செயலாளர். நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

மறுநாள் மாலை பிள்ளைகள் வழக்கம்போல் சிலேட்டோடு வந்துவிட்டார்கள். மேலே கேரம் காய்கள் மோதும் சத்தம் கேட்டது. கடை வாசலிலேயே அவர்களை நிறுத்தி, இனி வகுப்பு இல்லை, நேற்றைய கூட்டத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள் என்றேன். இடுப்பில் தம்பியை வைத்திருந்த பெரியவள் என்னையே பார்த்தாள்.

“நீங்களும் அங்கதானே இருந்தீங்க, டீச்சர்?”

இருந்தேன் என்றேன்.