கனம் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் அப்பாவுக்கு எந்தச் சாமானாக இருந்தாலும் கனமாக இருக்க வேண்டும். மேசைக் காற்றாடி வாங்கப் போனால்கூட விலை கேட்பதற்கு முன் தூக்கிப் பார்ப்பார். கை கீழே இறங்கினால் போதும், முகம் மலர்ந்துவிடும். "இதுதான் சாமான்!" லேசாக இருந்தால் அவ்வளவுதான், தொட்டதே பாவம் என்பதுபோல் கையைப் பேண்டில் துடைத்துக்கொள்வார். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, நாள் முழுக்கப் பாரம் ஏற்றி இறக்கியவர். அவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

அப்படிப்பட்ட மனுஷனிடம் போய்த்தான் நான் லேப்டாப் வேண்டும் என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க எனக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று, வீட்டிலிருந்தே பஸ் ஏறிப் போய்வரக்கூடிய காலேஜ். இன்னொன்று, வடக்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டிய பல்கலைக்கழகம். எனக்கு வடக்கேதான் போக வேண்டும். அந்த ஹாஸ்டல் அறையில் ஆளுக்கு இத்தனூண்டு மேசை, பெரிய கம்ப்யூட்டருக்கு இடமே கிடையாது. ஆக, லேப்டாப் என்றால் வடக்கே போகிறேன், பெரிய கம்ப்யூட்டர் என்றால் வீட்டோடு இருக்கிறேன். வாய்விட்டு யாரும் சொல்லவில்லையே தவிர, வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும்.

"பெருசாவே வாங்குவோம். ஹால்ல டிவி பக்கத்துல வச்சா எடுப்பா இருக்கும்" என்றார் அப்பா. அம்மா அதற்குள் பூப்போட்ட துணியில் கம்ப்யூட்டருக்கு உறையே தைக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் துணியை நாலாகக் கிழித்திருப்பேன்.

லேப்டாப் ஆசை எனக்கு ரயிலில் வந்தது. ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது எதிர் இருக்கையில் ஒரு பெண் மடியில் அதைத் திறந்து வைத்திருந்தாள். ஷா ஆலம் தாண்டி வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தது. ரயில் ஆட, அவளும் ஆட, விரல்கள் மட்டும் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்கே இறங்கினாலும் தன் உலகத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று தோன்றியது. என் ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே சதுர பிஸ்கட் டின் மூடியில் மணிலா அட்டையை ஒட்டி, கீபோர்டு மாதிரி எழுத்துக் கட்டங்களை வரிசையாக வரைந்துகொண்டேன். சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துத் தட்டுவேன். மழை வந்தால் சிங்க் தகரக் கூரையும் சேர்ந்து தட்டும். கண்ணை மூடினால் நான் வடக்கே இருப்பேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்திராத மலை நிற்கும். எத்தனை சாயங்காலம் அப்படிப் போயிருக்கும்! வேலை முடிந்து வரும் அப்பா, "தகரத்தத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு பாரு, லூசு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்.

ஒரு சனிக்கிழமை கோலாலம்பூர் இம்பி ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனோம். பெட்டியைக் கட்டித் தூக்கி வர அப்பா பாக்கெட்டில் ரஃபியா பிளாஸ்டிக் கயிறு வைத்திருந்தார். அந்தச் சிவப்புக் கயிறு எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டியது.

கடைக்காரர் சீனர், வாய் ஓயாத மனுஷன். பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா தூக்கிப் பார்த்து, இதுதான் சாமான் என்று தலையாட்டிவிட்டார். கடைக்காரர் அதைச் சோதிக்க உள்ளே எடுத்துப் போனார். பக்கத்தில் ஆபீஸ்களிலிருந்து வந்த பழைய லேப்டாப்கள் வரிசையாக இருந்தன. போகிறபோக்கில் அதில் ஒன்றை என்னிடம் கொடுத்து, "சும்மா பாரு லா" என்றார்.

பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தேன். விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்தன. கீழே பார்க்காமலே அடித்தேன். கடையும் சத்தமும் எங்கோ போய்விட்டன. நிமிர்ந்தபோது அப்பா என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த பிஸ்கட் டின்லதான் பழகினியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் வரிசையில் இருந்த லேப்டாப்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். வழக்கம்போல் கனமானதைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. ஒன்றைத் தூக்கி, கீழே வைத்து, திரும்பவும் தூக்கினார். "பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஹாஸ்டலுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்று கேட்டார். கொஞ்ச தூரம்தான் என்றேன். "துணிப் பெட்டி வேற இருக்குமே" என்று முணுமுணுத்துவிட்டு, இருந்ததிலேயே லேசானதைத் திரும்பி வந்த கடைக்காரர் பக்கம் நகர்த்தினார். அதில் மெமரி குறைவு, பக்கத்தில் இருந்ததுதான் படிப்புக்கு ஏற்றது. எனக்குத் தெரியும். வாயைத் திறப்பேனா நான்!

திரும்பும் ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் வைத்துப் பார்க்கும் ஆசை தாங்காமல், "குடுங்கப்பா, நான் வச்சிக்கிறேன்" என்று கை நீட்டினேன்.

அவர் லேப்டாப் பையை இரண்டு கையாலும் மடியோடு அணைத்துக்கொண்டார்.

"இனிமே நீதானே தூக்கிக்கிட்டுப் போகப் போற. வீடு வரைக்கும் நான் வச்சிக்கிறேன்."