குணம் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்

நான் குடியிருக்கும் பெரியகல்லாற்றுக்குச் செய்தி கொண்டுவந்தவர், சைக்கிளில் மீன் ஏற்ற வந்த வியாபாரி. "உங்கட ஸ்டூடியோக் குணம் போயிட்டாராம்" என்றார். "ஆர் சுட்டது?" என்பதுதான் என் வாயில் முதலில் வந்தது. "ஒருத்தரும் சுடல்ல. நெஞ்சு நோவாம். சண்டையால பாதை பூட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமப் போச்சாம்" என்றார். இயற்கையான சாவுக்கும் அப்படிக் கேட்கப் பழகிவிட்டோமே என்று எனக்கு வெறுத்துப் போனது. அதே பாதை பூட்டிக் கிடந்ததால் செய்தியும் பிந்தித்தான் வந்தது, அடக்கத்துக்கும் நான் போய்ச் சேரவில்லை.

குணம் என்று நாங்கள் கூப்பிட்ட குணசீலனைப் படம் பிடிப்பவராகத்தான் நீங்கள் அறிவீர்கள். ஒரே ஸ்டூடியோவில் அவர் படம் எடுக்க, நான் வீடியோ வெட்டி ஒட்டினேன். முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் ஹார்ட் டிஸ்கை சி, டி, ஈ என்று மூன்றாகப் பிரித்தார். டி-யில் இருக்கும் படங்களை ஈ-யிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு, இனிப் பயமில்லை என்று இருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். ஒருநாள் நின்றுபோன கரண்ட் குதித்துக்கொண்டு திரும்பி வந்தது. டிஸ்க் கருகியது, டி-யும் போனது, ஈ-யும் போனது. கலியாண வீட்டுக்காரர் வந்து திட்டியதை இங்கே எழுத முடியாது. "ஒரு வீட்டுக்குள்ள சுவர் வைச்சா ரெண்டு வீடாகுமா? கூரை ஒண்டுதானே" என்று குணம்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் வைத்த சட்டங்களுக்கு அளவில்லை. கரண்ட் போனால் உடனே பிளக்கைக் கழற்ற வேண்டும். "போகக்குள்ள பயமில்ல, வரக்குள்ளதான் பயம்" என்பார். டிஸ்கைத் தொண்டை வரை நிரப்பக் கூடாது. இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்கில், வேறொரு ஊரில் இருக்க வேண்டும். அந்த ஊர் காத்தான்குடி. இடம், அவருடைய சிநேகிதர் ஒருவரின் புடைவைக்கடை. சாறன் கட்டுகளுக்கு நடுவே அது பத்திரமாகக் கிடந்தது. மாதம் ஒருமுறை கொண்டுவந்து, புதிய படங்களை ஏற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். "சும்மா கிடந்தா உப்புக்காத்தில இறுகிப்போகும்" என்பார். "பெண்சாதியைக்கூட இப்பிடிப் பாக்கமாட்டாய்" என்று கேலி செய்வேன். "அவ ஒருத்திதானே, இதுக்குள்ள ஊரே இரிக்கி" என்பார்.

ஊர் இருந்ததுதான் வினையாயிற்று. அடையாள அட்டைக்கு எடுத்த இளம் பிள்ளைகளின் படங்களைக் கேட்டுச் சிலர் வந்தார்கள். எந்தப் பக்கத்தார் என்று எழுதமாட்டேன். நான் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறேன். நாளைக்கு எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டி எல்லாவற்றையும் அழித்தார். "அழிச்சா அழியாது. மேலால நிரப்பணும்" என்று சொல்லி, கோயில் திருவிழா வீடியோக்களை டிஸ்க் நிரம்பும் வரை ஏற்றினார். தொண்டை வரை நிரப்பாதே என்ற மனிதர் அன்று மட்டும் நிரப்பினார். மறுநாள் வந்தவர்களுக்குத் தேர்தான் கிடைத்தது. அவருக்குக் கன்னத்தில் அறை கிடைத்தது, ஒரு பக்கக் காது அதோடு சரி.

சில மாதங்கள் கழித்து, வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகளைக் கொண்டுபோய்விட்டார்கள், வீடும் எரிந்துவிட்டது. தேடிப் போகும் இடமெல்லாம் படம் கேட்கிறார்களாம். "அவள்ர முகம் உங்களிட்டத்தான் இரிக்கி மனே" என்றார். தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே பிரச்சினை முற்றி, காத்தான்குடிப் பக்கம் எங்களில் யாரும் போகாத காலம் அது. மிச்சமிருந்த அந்த ஒரே பிரதிக்காகக் குணம் போனார். கொண்டுவந்த டிஸ்கை அந்தத் தாய்க்கு முன்னாலேயே மாட்டினார். அத்தனை மாதம் ஓடாமல் கிடந்தது, டிக் டிக் என்று தட்டிவிட்டு நின்றது. திரும்ப மாட்டினார், திரும்பவும் தட்டியது.

செத்த டிஸ்கைச் செத்தது என்று முகத்துக்கு நேரே சொல்லும் மனிதர் அவர். அந்தத் தாயிடம் மட்டும், "இதே மொடல் ஒண்டு கொழும்பால வரட்டும், சர்க்கியூட் போட்டை மாத்திப் பாப்பம் அம்மா" என்றார். அந்தத் தாய் படியிறங்கியதும் என்னிடம், "போட் இல்லடா, உள்ளுக்குப் படிக்கிற தலை போயிட்டு. படம் இனி வராது" என்றார். அந்தத் தாய் மாதாமாதம் வந்தார். குணம் மாதாமாதம் அதை மாட்டிக் காட்டினார். பொய் சொல்லாதே என்று ஒருமுறை சண்டை பிடித்தேன். "உண்மையச் சொன்னா அவ எங்க போவா, சொல்லு?" என்று கேட்டார். 

எட்டாம் நாள் சடங்கு முடிந்து ஸ்டூடியோவைத் திறந்தேன். அந்தத் தாய் வாசலில் நின்றார். குணத்துக்காகக் கொஞ்சம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவர் போனாலும் அந்தப் பெட்டி இரிக்கிதானே மனே?" என்று கேட்டார்.

மேசை லாச்சியைத் திறந்து அதை எடுத்து மாட்டினேன். தட்டிவிட்டு நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பம் அம்மா" என்றேன்.