வாய்த்தண்டு

மாபேலே கை பட்டால் அடைத்துப்போன புகைக்குழாயும் மூச்சுவிடும் என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் பெண்கள் அவளிடம் கொடுப்பது புகையிலை வைக்கும் கிண்ணத்தை மட்டும்தான். வாயில் வைக்கும் தண்டைக் கழற்றி மடியில் செருகிக்கொள்வார்கள். சூனியம் வைக்க எச்சில் போதும் என்பது தென்னாப்பிரிக்காவில் எங்கள் கோசா இன ஊர்களின் பயம். அவள் கை வேண்டும், வாய் வேண்டாம்.

அதிலும் நோஃபெசிலே, தன் மகள் காய்ச்சலில் செத்த அன்று முற்றத்தில் நின்று மாபேலேயைச் சூனியக்காரி என்று கத்தியவள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஓர் இழவு வீட்டில், குழி வெட்டிய மண்வெட்டிகளைக் கழுவும் சடங்கு நாளன்று, சோள பீர் குடிக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். நோஃபெசிலேயின் குழாயில் புகை வரவில்லை.

"உன் புருஷன் மாதிரியே இருக்குடி, எவ்வளவு இழுத்தாலும் அசையல!" என்றாள் ஒருத்தி. "மாபேலேகிட்ட குடேன்."

நோஃபெசிலே தண்டைக் கழற்றிக்கொண்டு, கிண்ணத்தை மட்டும் அவள் பக்கம் தள்ளினாள். மாபேலே குடைக்கம்பியால் சுரண்டி, ஊதிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமில்ல. அடைப்பு தண்டுலதான்."

தண்டைக் கேட்கவில்லை. கிண்ணத்தைத் திருப்பி வைத்தாள்.

நோஃபெசிலே வெகுநேரம் தண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நீட்டினாள்.

மாபேலே கம்பியைத் தணலில் காய்ச்சி உள்ளே செலுத்தினாள். கறுப்புப் பிசின் உருகி ஒழுகியது.

"காத்து வருதான்னு பாக்க, வாய் வைக்கணும்."

"வை."

மாபேலே உறிஞ்சினாள். காற்று தாராளமாக வந்தது. சால்வை நுனியால் தண்டைத் துடைக்கப் போனாள்.

"துடைக்காத, குடு," என்று வாங்கிய நோஃபெசிலே, அந்த ஈரத்தோடு அதை வாயில் வைத்துக்கொண்டாள்.